பினாங்குக் கடலோரம்: பனி, விடியல், மர நிழலுரு – படமெடுக்க முழுமையான வழிகாட்டி

முதலில் மரத்தைத் தேடுங்கள். பனி பிறகு வரட்டும்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சன்னலுக்கு வெளியே வெள்ளையாகத் தெரிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடுகிறார்கள். பினாங்கில் கரையோரப் பனி அடிக்கடி வருவதில்லை, வந்தாலும் வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும். எந்த மரம், எங்கே நிற்பது, எந்தக் கிளைக்கு நடுவே சூரியன் வரும் என்று அந்தக் கொஞ்ச நேரத்தில் யோசித்து முடிக்க முடியாது. ஏற்கெனவே இரண்டு மூன்று மரங்களை மனத்தில் வைத்திருப்பவருக்குத்தான் பனி விழுந்த காலை பயன்படும்.

எனவே இந்த வழிகாட்டி மரத்தில் தொடங்குகிறது. கேமரா அமைப்புகள் பின்னால் வருகின்றன.

மரம்

நிழலுருவில் நிறம் இருக்காது, பட்டையின் சொரசொரப்பு இருக்காது, இலையின் பளபளப்பும் இருக்காது. எஞ்சுவது வெளிக்கோடு மட்டுமே. ஆகவே மரத்தைப் பகலில் பார்க்கும்போதே அதைக் கறுப்பு மையில் வரைந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். அடர்ந்து தழைத்த மாமரம் அழகானதுதான், ஆனால் விடியலில் அது ஒரு கறுப்பு மூட்டையாகிவிடும். கிளைகளுக்கு இடையே வானம் தெரிய வேண்டும்.

நம் கரையோரத்தில் ஐந்து வகை மரங்கள் இதற்கு உதவுகின்றன.

சவுக்கு, வட கரையில் பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா பக்கம் நிற்பது. அதன் மெல்லிய கொத்துகள் பனியில் ஓரம் கரைந்து தெரியும். கடினமான வெளிக்கோடு வேண்டாம், பென்சிலால் தீட்டியது போன்ற மென்மை வேண்டும் என்றால் சவுக்குதான் சரி. அது எப்போதும் லேசாக அசைந்துகொண்டே இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட ஷட்டருக்கு அது ஒத்துவராது.

தென்னை எல்லாருக்கும் தெரிந்த உருவம், அதனாலேயே சிரமம். தனித் தென்னை அஞ்சலட்டைப் படமாகிவிடும். சாய்ந்த இரண்டு, இடையே போதிய இடைவெளி, தூரத்தில் மங்கலாக மூன்றாவது என்று கிடைத்தால் எடுங்கள்.

தூங்குமூஞ்சி மரம் நம் பழைய சாலையோரங்களில் குடைவிரித்து நிற்பது. பெயருக்கேற்ப இரவில் அதன் சிற்றிலைகள் மடிந்துவிடும், வெளிச்சம் வந்த பிறகே விரியும். ஆகவே சூரியன் எழுவதற்கு முன்னால் அந்தக் குடை நண்பகலில் இருப்பதைவிடத் தளர்ந்திருக்கும், கிளைப் பின்னல் நன்றாகத் தெரியும். காலை முழுமையாக விடிந்து இலை விரிந்தபின் அதே மரத்தைப் பார்த்தால் வேறு மரமோ என்று தோன்றும். இந்த மரத்தை எடுக்க நினைப்பவர்கள் விடியலுக்கு முந்திய வேளையைத் தவறவிடக் கூடாது.

கண்டல் மரங்கள், நம் வட்டாரத்தில் பாக்காவ் என்று பொதுவாகச் சொல்வது. தென்கிழக்குக் கரையில் பத்து மாவுங், தெலுக் தெம்போயாக் ஓரம், தீவுக்கு எதிரே பெருநிலத்தில் பத்து கவான், நிபோங் திபால் பக்கம் பார்க்கலாம். இவற்றின் சிறப்பு மேலே இல்லை, கீழே இருக்கிறது. வளைந்து இறங்கும் தாங்கு வேர்கள் நீர் வற்றியபோது முழுதாகத் தெரியும். அவற்றின் இடையே வெள்ளைப் பனி நின்றால் அதைவிட நல்ல வெளிக்கோடு இந்தக் கரையில் கிடையாது என்பது என் முடிவு.

ஐந்தாவது நிப்பா, சேற்றுநீரில் வளரும் ஒரு பனை வகை. ஆற்றோரம் கூட்டமாக நிற்கும், தனியாக எடுப்பதற்கில்லை. ஆனால் பனி படர்ந்த ஆற்றில் அதன் கீற்றுகளும் அவற்றின் பிரதிபலிப்பும் சேர்ந்தால் படத்தின் கீழ்ப்பாதி நிறைந்துவிடும்.

மரத்தைக் கண்டபின் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். மூன்று கேள்விகள். அடிமரத்தின் பின்னால் நீரோ வானமோ தெரிகிறதா, இல்லை புதர் மறைக்கிறதா? பக்கத்து மரத்தின் கிளையோடு இது முட்டுகிறதா? தொடுவானக் கோடு கிளைகளின் நடுவே குறுக்காகப் போகிறதா? நிழலுருவில் இரண்டு மரங்கள் ஒட்டினால் கண்ணுக்கு அவை ஒன்றாகவே படும். ஒரு கை அகல வெளிச்சம் இடையே இருந்தால் போதும். முக்காலியை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் கிளைகள் தொடுவானத்துக்கு மேலே போய்விடும், இரண்டடி தள்ளினால் ஒட்டிய மரங்கள் பிரிந்துவிடும். இதையெல்லாம் ஒரு மாலை நேரத்தில், கைப்பேசியை மட்டும் வைத்துக்கொண்டு செய்து முடிக்கலாம்.

திசையும் நாளும்

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்தரை பாகையில் இருக்கிறது. சூரியன் ஜூன் கடைசியில் கிழக்கிலிருந்து வடக்கே சுமார் 23 பாகை விலகி எழும், டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே. எந்தக் கரைக்கு எந்த மாதம் என்பதை இந்த அலைவுதான் முடிவு செய்கிறது.

வட கரைக்கு மே முதல் ஜூலை வரை. அப்போது பத்து பெரிங்கியில் நின்றால் சூரியன் கடலுக்கு அப்பால், பெருநிலக் கரைப் பக்கம் எழும். டிசம்பரில் அதே இடத்தில் நின்றால் தீவின் நிலப்பகுதிக்குப் பின்னாலிருந்து தாமதமாக வரும். அங்கிருந்து வடக்கே தெரியும் குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரம். நீல அடுக்காகப் படத்தில் மிக நன்றாக நிற்கும், ஆனால் சூரியன் ஒருபோதும் அதன் பின்னால் எழாது. அந்தக் கற்பனையோடு யாரும் காத்திருக்க வேண்டாம்.

ஜார்ஜ் டவுன் முதல் பத்து மாவுங் வரையிலான கிழக்குக் கரைக்கு ஆண்டு முழுதும் சூரியன் உண்டு. எதிரே பெருநிலத்தில் 545 மீட்டர் உயரமுள்ள புக்கிட் மெர்தாஜாம் மலை. ஜார்ஜ் டவுன் கரையிலிருந்து பார்த்தால் மார்கழி, தை மாதங்களில் சூரியன் ஏறக்குறைய அந்தப் பக்கமாகவே வருகிறது. மலைக்கு நேர் பின்னால் எழுந்தால், அட்டவணையில் உள்ள உதய நேரத்துக்கு ஆறேழு நிமிடம் கழித்துத்தான் தலைகாட்டும். குவீன்ஸ்பே பக்கம் நிற்பவர்களுக்கு எதிரே புலாவ் ஜெரெஜாக் தீவு ஒரு கறுப்புத் திரையாக நிற்கும். அதைத் தடையாக நினைக்க வேண்டாம், அதன் காட்டு விளிம்பே ஒரு நீண்ட நிழலுருதான்.

பத்து மாவுங்கில் இரண்டாவது பாலம் தொடங்குகிறது. 2014இல் திறக்கப்பட்டது, முழு நீளம் 24 கிலோமீட்டர். பனியில் அதன் தூண்கள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டே போகும். முன்னால் ஒரு கண்டல் மரம், பின்னால் கரையும் பாலம். இந்த அமைப்பு தமிழ்ப் புகைப்பட நண்பர்களிடம் அதிகம் பார்த்ததில்லை. முயன்று பாருங்கள்.

பெருநிலத்தின் கடற்கரை மேற்கு நோக்கியது. அங்கே சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் எழும். அதனால் கடலை விட்டு ஆற்று முகத்துவாரங்களுக்குப் போங்கள். வடக்கே கெடா எல்லையில் சுங்கை மூடா, தெற்கே பேராக் எல்லையில் நிபோங் திபாலை ஒட்டிய சுங்கை கெரியான். ஆற்றின் மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் ஆறு, பனி, நிப்பா, சூரியன் நான்கும் ஒரே சட்டகத்தில் வரும். தீவின் மேற்குப் பக்கத்துப் பாலிக் பூலாவும் இப்படித்தான். சுங்கை பூரோங் வயல்கள் கடலுக்குப் பக்கத்தில் இருந்தாலும் கிழக்கே மலை மறைக்கிறது. சூரியன் அங்கே தாமதமாக, ஏற்கெனவே உயரத்தில், மலை விளிம்பைத் தாண்டி வரும். வயலில் பனி அதுவரை நின்றால் ஒளி சாய்வாக இறங்கும் காட்சி கிடைக்கும்.

நாள் பார்ப்பதில் ஒரு நுணுக்கம். மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் எழும் இடம் நாளொன்றுக்குச் சுமார் 0.4 பாகை நகர்கிறது. சூரியனின் தோற்ற அகலம் அரை பாகை. அதாவது ஒரு வாரம் தாமதித்தால் உங்கள் மரக்கிளைக்கு நடுவே வரவேண்டிய சூரியன் தன் அகலத்தைப்போல் ஐந்து மடங்கு தள்ளிப் போயிருக்கும். டிசம்பர் 11 முதல் ஜனவரி 2 வரை, ஜூன் 10 முதல் ஜூலை 3 வரை அது ஏறக்குறைய ஒரே இடத்திலேயே எழும். குறிப்பிட்ட ஒரு மரத்தோடு சூரியனைப் பொருத்த நினைப்பவர்கள் இந்த இரண்டு காலங்களைத் தேர்ந்தெடுத்தால் பனி வராத நாள்களை விட்டுவிட்டு மறுநாள் வரலாம்.

நேரம் நமக்குச் சாதகம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரம் அரைமணி முன்னே தள்ளப்பட்டதிலிருந்து நமக்கு விடியல் பிந்தியே வருகிறது. பினாங்கில் சூரியன் சுமார் 7:00 மணிக்கும் 7:35க்கும் இடையில் எழுகிறது. மே கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் சீக்கிரம், பிப்ரவரி தொடக்கத்தில் மிகத் தாமதம். தையில் பள்ளிவாசலின் அதிகாலைத் தொழுகை அழைப்பான சுபுஹ் பாங்கு கேட்கும்போது இடத்தில் இருந்தால் நிதானமாக எல்லாம் அமைத்துக்கொள்ளலாம்.

பனி எப்போது, எந்தப் பனி

நம் கரையில் வெள்ளையாகத் தெரிவது மூன்று வெவ்வேறு விஷயங்கள். மூன்றுக்கும் படமெடுக்கும் முறை வேறு.

ஒன்று, உண்மையான தரைப்பனி. முந்தைய மாலை மழை பெய்து, இரவு மேகம் விலகி நட்சத்திரம் தெரிந்து, காற்று அடங்கியிருந்தால் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிரும். ஈரக் காற்று வயல்மேலும் ஆற்றின்மேலும் வெண்படலமாகத் தங்கும். அதிகாலை நிலக்காற்று அதை மெல்லக் கரைக்குத் தள்ளும். தைப்பூசத்தை ஒட்டிய வாரங்கள் பினாங்கில் மழை குறைந்த, இரவு தெளிந்த காலம். அப்போது எப்போதாவது ஒரு மாலை மழை பெய்தால் மறுநாள் காலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, மழைக்குப் பின் மலையிலிருந்து இறங்கும் தாழ்மேகம். அக்டோபர், நவம்பர் மழைக்காலத்தில் தீவின் நடு மலைகளில் இது அடிக்கடி தெரியும். மரங்கள் மலைச்சரிவில் அடுக்கடுக்காகப் பிரியும். ஆனால் சூரியன் வருவது உறுதியில்லை.

மூன்றாவது புகைமூட்டம், ஜெரெபு. பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரை, தென்மேற்குக் காற்று வீசும்போது சுமத்ராவிலிருந்து வருவது. 1997, 2015, 2019 ஆண்டுகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புகைத்துகள் நீர்த்துளியைவிட நுண்ணியது, நீல ஒளியை அதிகம் சிதறடித்து விடுகிறது. அதனால் சூரியன் செந்நிற வட்டமாகத் தெரியும். படத்துக்கு அது கவர்ச்சிதான், உடம்புக்குக் கேடு. காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை. ஆஸ்துமா உள்ளவர்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைப்பவர்கள் வீட்டிலேயே இருங்கள். எந்தப் படமும் நுரையீரலுக்கு ஈடாகாது.

முன்னறிய நல்ல வழி விமான நிலைய வானிலைக் குறிப்பு. பாயான் லெப்பாஸ் நிலையத்தின் குறியீடு WMKP, பட்டர்வொர்த் நிலையத்துக்கு WMKB. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஊர்ப் பெயரைத் தட்டினாலும் கிடைக்கும். அதில் பார்வைத் தூரம் மீட்டரில் இருக்கும். 1,000க்குக் கீழே போனால் அது மூடுபனி. வெப்பநிலையும் பனிநிலை வெப்பமும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) பக்கத்துப் பக்கத்தில் தரப்பட்டிருக்கும். இரண்டும் சமமாகவோ ஒரே பாகை வித்தியாசத்திலோ இருந்து காற்றும் அடங்கியிருந்தால் கிளம்பலாம். மூன்று நான்கு பாகை இடைவெளி என்றால் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்குங்கள்.

நீர்மட்டம்

ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். கண்டல் வேர் தெரிய வேண்டுமானால் இறக்கம் வேண்டும், மரத்தின் பிரதிபலிப்பு வேண்டுமானால் சேற்றுத்திட்டின்மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும் இடைநிலை வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் மிக அதிகம். ஓத அட்டவணையைப் பார்த்து, நீங்கள் தேர்ந்தெடுத்த மரத்துக்கு எந்த மட்டம் பொருந்துகிறது என்று ஒரு முறை குறித்துக்கொண்டால் போதும்.

முந்தைய இரவு

நம் தட்பவெப்பத்தில் அதிகம் கெடுப்பது லென்ஸ்மேல் படியும் ஈரம். குளிர்சாதன அறையில் இருந்த கேமராவைக் கடற்கரையில் வெளியே எடுத்தால், அந்த ஈரக் காற்றில் கண்ணாடி உடனே வெளுத்துவிடும். துடைத்தால் மறுபடியும் படியும். கண்ணாடி சூடாகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், அதற்குள் சூரியன் ஏறிவிடும். எனவே இரவே கேமராவைப் பைக்குள் வைத்து, பையை மூடி, குளிர்சாதனம் இல்லாத அறையில் வையுங்கள். காரில் போகும்போதும் குளிர்சாதனத்தை அணைத்துச் சன்னலைத் திறந்துவிடுங்கள். வீடு திரும்பியதும் துடைத்து உலர்பெட்டியில் வைக்க மறக்க வேண்டாம். கடல் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் எடுப்பது எளிதல்ல.

எடுத்துச் செல்ல வேண்டியவை: முக்காலி, தலையில் கட்டும் விளக்கு, நுண்ணிழைத் துணி இரண்டு, கூடுதல் பேட்டரி, கொசு எண்ணெய், ரப்பர் காலணி. லென்ஸில் ஒன்றுதான் என்றால் 70 முதல் 200 மில்லிமீட்டர் வரையிலான ஜூம் எடுங்கள். அகலக்கோண லென்ஸ் கடலோரத்துக்கு அவசியம் என்ற பேச்சு இந்தப் படவகைக்குப் பொருந்தாது. அகலத்தில் பனி மெலிந்து தெரியும், சூரியன் ஒரு புள்ளியாகிவிடும். முழுச் சட்டக கேமராவில் 200 மில்லிமீட்டர் வைத்தால் சூரியன் சட்டக அகலத்தில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்று மேல், 400 வைத்தால் பத்தில் ஒரு பங்கு.

இங்கே ஒரு கணக்கு உதவும். மரத்தின் தலைப்பகுதி அளவுக்குச் சூரிய வட்டம் தெரிய வேண்டுமானால், அந்த அகலத்தைப்போல் சுமார் 110 மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். ஐந்து மீட்டர் அகல மரத்துக்கு 550 மீட்டர். ஆனால் உண்மையான மூடுபனியில் அத்தனை தூரத்து மரம் கறுப்பாகவே இருக்காது, சாம்பலாகிவிடும். எனவே பெரிய சூரியன் வேண்டுமென்றால் மெல்லிய படலமுள்ள காலை, அடர்பனிக் காலையென்றால் அருகிலுள்ள மரம். இரண்டையும் ஒரே நாளில் எதிர்பார்க்காதீர்கள்.

காலையில், வரிசையாக

சூரியன் எழ ஒரு மணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள். முக்காலியை நிறுத்தி, பார்த்து வைத்த இடத்தில் அமைப்பை உறுதி செய்யுங்கள். சேற்றில் முக்காலிக் கால் மெல்ல இறங்கும், அழுத்தி நிலைக்க விடுங்கள்.

குவியம் (ஃபோகஸ்). பனியில் தானியங்கிக் குவியம் தடுமாறும், முன்னும் பின்னும் ஓடும். அடிமரத்தின் விளிம்பில், கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் இடத்தில், திரையைப் பெரிதாக்கிக் குவித்துவிட்டுக் கைமுறைக்கு மாற்றிவிடுங்கள். அதன்பின் வளையத்தைத் தொடவேண்டாம்.

வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ‘பகல்’ என்று நிறுத்துங்கள். தானாக விட்டால் கேமரா விடியலின் நீலத்தையும் பிறகு வரும் பொன்னிறத்தையும் சமன்செய்து கழுவிவிடும். ரா என்ற மூலக் கோப்பில் பின்னால் மாற்றலாம் என்பது உண்மைதான், ஆனால் திரையில் உண்மை நிறத்தைப் பார்த்தபடி எடுப்பது வேறு.

சூரியன் எழ இருபது நிமிடத்துக்கு முன் நீல வேளை. துளை எஃப் 8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 400 என்றால் ஷட்டர் இரண்டு வினாடிக்கு அருகில் வரும். கண்டலுக்கு இது ஒத்துவரும், நீர் பட்டுப்போல் ஆகும். சவுக்கும் தென்னையும் என்றால் இலை அசைவு தெரியும். துளையை எஃப் 4க்குத் திறந்து ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றுங்கள். சிறு மணல்மணித் தோற்றம் பனிப் படத்தில் உறுத்தாது, கலங்கிய கிளை உறுத்தும்.

ஒளியளவுதான் இதில் நுட்பமான இடம். பனி வெளிச்சமானது. கேமரா எல்லாவற்றையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும், பனி அழுக்காகிவிடும். அதனால் சூரியன் சட்டகத்தில் இல்லாதவரை ஒன்று முதல் ஒன்றரை நிறுத்தம் (ஸ்டாப்; ஒரு நிறுத்தம் கூட்டினால் ஒளி இருமடங்கு) வரை கூட்டுங்கள். புள்ளி அளவீடு தெரிந்தவர்கள் சூரியன் எழப்போகும் இடத்துக்குப் பக்கத்து வானத்தில் அளந்து ஒரு நிறுத்தம் கூட்டலாம், மரம் தானாகவே கறுத்துவிடும். இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் இடப்பக்கம் ஒரு சிறு மேடு, வலப்பக்கம் ஒரு பெரிய மேடு, நடுவில் பள்ளம் என்று இருந்தால் சரியான நிழலுரு. வலப்பக்க மேடு சுவரில் முட்டக் கூடாது. இடப்பக்கம் முட்டினால் கவலை வேண்டாம், கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும்.

சூரியன் வட்டம் தலைகாட்டியதும் கூட்டியதைக் குறைத்துவிடுங்கள். பூஜ்யத்துக்கு, தேவைப்பட்டால் அரை நிறுத்தம் கீழே. பனி ஊடே எழும் சூரியனுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 8, நூறில் ஒரு வினாடி என்பது நல்ல தொடக்கம். பனி அடர்த்தியைப் பொறுத்து இருபுறமும் மாற்றிப் பாருங்கள். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. தன் அகலம் அளவு ஏற இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். அதனால் கணத்துக்குக் கணம் ஒளியளவைத் திருத்துவதைவிட ஒரு நிறுத்த இடைவெளியில் மூன்று படம் தொடர்ச்சியாக எடுக்கும்படி அமைத்துவிடுவது நல்லது.

சூரியனை அடிமரத்தின் பின்னால் பாதி மறைத்தால் கண்ணாடிக்குள் ஒளிச்சிதறல் குறையும், மரத்தைச் சுற்றிப் பனி ஒளிரும். நீர்த்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கின்றன, ஆகவே சூரியனை நோக்கிப் பார்க்கும்போதுதான் பனி அதிகம் ஜொலிக்கும். முதுகில் வெயில் வைத்து எடுத்தால் அதே பனி சப்பென்று போகும். மரம் 50 மீட்டர் தூரத்தில் என்றால், நீங்கள் பக்கவாட்டில் அரை மீட்டர் நகர்ந்தாலே சூரியன் தன் அகலம் அளவு நகரும். முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், ஒரு காலடி போதும்.

கண்ணாடி வழி நேரடியாகப் பார்க்கும் பழைய வகைக் கேமராவில், டெலி லென்ஸ் மாட்டியிருக்கும்போது சூரியனைக் கண்ணால் பார்க்காதீர்கள். பனி ஊடே மங்கலாக இருந்தாலும் வேண்டாம். பின்திரையைப் பாருங்கள்.

சூரியன் ஏறி வட்டம் கண்ணைக் கூசத் தொடங்கியதும் பலர் மூட்டை கட்டிவிடுவார்கள். நீங்கள் நில்லுங்கள். பனி கலையத் தொடங்கும் அந்த நேரத்தில்தான் அடுக்குகள் பிரியும். அருகிலுள்ள மரம் மையாக, அடுத்தது சாம்பலாக, அதற்கும் அப்பால் இருப்பது வெறும் கோடாக. முழு அடர்பனியில் இந்த ஆழம் வராது, முழுவதும் கலைந்தபின்னும் வராது. ஒரு சம்பான் படகு குறுக்கே போகலாம், யாராவது வலை இழுக்க வரலாம். இரண்டு மரங்களுக்கு இடையே காலியாக விட்டுவைத்த வானத்தில் அந்த உருவம் வந்து நிற்கட்டும்.

கைப்பேசியில்

கைப்பேசியிலும் நன்றாக வரும். இரண்டு விஷயம் மட்டும். இரவுப் பயன்முறையை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது மரத்தை வெளுப்பாக்கிவிடும். வெளிச்சமான பனியின்மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, மரம் கறுக்கும்வரை ஒளியளவை இறக்குங்கள். திரையை இரு விரலால் விரித்துப் பெரிதாக்குவதைவிட, கருவியிலேயே இருக்கும் டெலி லென்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

கரையில் நடந்துகொள்வது

சில வகைக் கண்டல் மரங்களைச் சுற்றி விரல்போல் சேற்றிலிருந்து எழும் மூச்சு வேர்களை மிதிக்காதீர்கள். சேற்றில் காற்றில்லை, மரம் அந்த வேர்கள் வழியாகத்தான் சுவாசிக்கிறது. நாலு பேர் ஒரே இடத்தில் வாரந்தோறும் மிதித்தால் அந்த மரம் வாடிவிடும், பிறகு எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நம் கரைகளைத் தாக்கியபின் இந்த மரங்களின் மதிப்பை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நட்டு வளர்க்கும் மீனவர்களும் இருக்கிறார்கள். கன்று நட்ட இடத்தில் கால் வைக்க வேண்டாம்.

ஏற்றம் திரும்பும் நேரத்தைத் தெரிந்துவைத்து, தனியாகச் சேற்றுத்திட்டில் இறங்காதீர்கள். இடி கேட்டால் உலோக முக்காலியோடு திறந்த கரையில் நிற்பது ஆபத்து. ஜார்ஜ் டவுன் மரப்பால வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. விடியலில் அங்கே பலகைமேல் நடந்தால் வீடு முழுக்க அதிரும், அதனால் கரையிலிருந்தே எடுப்பது மரியாதை. மீனவர்கள் படகுத்துறையில் நின்றால் முதலில் வணக்கம் சொல்லிக் கேளுங்கள். “பாக் சிக், கம்பார் போலே?” (ஐயா, படமெடுக்கலாமா?) என்றால் மறுப்பவர் அரிது. பாயான் லெப்பாஸ் விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் தென்கிழக்குக் கரையில் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிட நினைக்கவே வேண்டாம்.

கணினியில்

பசியாறிவிட்டு, ஓய்வெடுத்து, மறுநாள் பாருங்கள். அன்றைக்கே திருத்தினால் காலையின் பரவசம் கையில் இருக்கும், எல்லாவற்றையும் மிகைப்படுத்துவீர்கள்.

பனி நீக்கும் கருவியை இடப்பக்கம் சற்றே இழுத்தால் பனி கூடும், வலப்பக்கம் தள்ளினால் நீங்கள் விடியலில் காத்திருந்து பெற்ற பனியே போய்விடும். கறுப்புப் புள்ளியை மரம் மையாகும்வரை மட்டும் இறக்குங்கள், தூரத்து மரங்களைச் சாம்பலாகவே விடுங்கள். அருகும் தூரமும் ஒரே கறுப்பானால் படம் தட்டையாகும். செறிவைக் கூட்டுவதில் கஞ்சத்தனம் நல்லது. நம் விடியல் ஏற்கெனவே ஈரத்தால் மென்மையானது, அதைச் செக்கச்செவேலென்று ஆக்கினால் வேறு ஊராகிவிடும்.

பனியின் மெல்லிய நிறச்சரிவு சேமிக்கும்போது பட்டை பட்டையாக உடையக்கூடும். திருத்தும்போது 16 பிட்டில் வைத்து, கடைசியில் மட்டும் ஜேபெக் ஆக்குங்கள், தரம் 90க்குக் குறையாமல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தச் சரிவு நசுங்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அச்சிடுவதானால் பளபளப்பில்லாத தாளைக் கேளுங்கள், கறுப்பு சற்று மென்மையாக வரும், பனிக்கு அது பொருந்தும். பெரிய அளவு எடுப்பதற்கு முன் சிறிதாக ஒரு சோதனை அச்சு போட்டு, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். திரையில் தெரியும் வெளுப்பு தாளில் ஒரு படி இருண்டே வரும், அதற்கேற்ப ஒளியளவைக் கூட்டிவிட்டு அடுத்த அச்சைக் கொடுங்கள்.